கதிர் ட்ரிப்பும் மலை சுத்துன காலும்

கதிரியக்க மருந்து ஏத்துற வார்டுல நர்ஸ் வேலைன்னா ஊசி குத்துறது கம்மி, தொண்டை கிழிய விளக்கம் சொல்றது ஜாஸ்தி. ஒரே விஷயத்த நாள் பூரா ஆள் ஆளுக்குச் சொல்லியே பொழப்ப ஓட்டுற ஜென்மங்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

ஊற வெச்ச அரிசி

வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் பக்கம் டிபன் கடை வெச்சிருக்காங்க கஸ்தூரி அக்கா. குடல்ல நியூரோ எண்டோகிரைன்னு ஒரு புத்துநோய்க் கட்டி, ஈரலுக்கும் பரவிடுச்சு. அது சுரக்கிற ஹார்மோனால முகம் குப்புனு செவக்கும், வயித்தக் கலக்கும். தோசைய ஊத்திட்டு கழிப்பறைக்கு ஓடுவாங்க, வந்து பாத்தா கருகிக் கெடக்கும். உசுரவிட கடை போயிடுமோன்னுதான் அவங்களுக்குப் பயம்.

ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ட்ரிப்புல ஏத்துற லுட்டீஷியம்ங்கிற கதிரியக்க மருந்து கட்டியத் தேடிப் போய் ஒட்டிக்கிட்டு அங்கயே கதிர் வீசும். அந்த அடி நல்லா விழட்டும்னு முன்னாடியே ஒரு மாத்திரைய ஆரம்பிச்சு கட்டியத் தளர வெப்பாங்க. சேர்த்துக் குடுத்தா ஜாஸ்தி கேக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாது, முயற்சி பண்ணுவோம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் கையக் கால ஆட்டி விளக்கிட்டே இருந்தேன். அக்கா நிறுத்துனாங்க: "அரிசிய ஊற வெச்சு அரைக்கிறது... அவ்ளோதானே சிஸ்டர்? இதுக்கா இவ்ளோ வேர்க்குது உங்களுக்கு?"

தனி ரூம் சுகம்

ட்ரிப் ஏறினப்புறம் உடம்புலேருந்து கொஞ்சம் கதிர் வரும், அதனால தனி ரூம். அவங்க வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் கையில துண்ணூறோட உள்ள பாயப் பாத்தாரு. நான் கதவுல குறுக்க நின்னு கத்தினேன். மனுஷன் கண்ணு கலங்கிடுச்சு, எனக்கே ஐயோன்னு ஆயிடுச்சு. உள்ளேருந்து அக்கா சத்தம்: "சட்னி எங்க, சாம்பார் எங்கன்னு கேக்க ஆளில்லாம இன்னைக்குத்தான் படுத்திருக்கேன், கதவச் சாத்துங்க சிஸ்டர்!"

செருப்பில்லாத பௌர்ணமி

இந்த மாத்திரை சிலருக்கு உள்ளங்கை, உள்ளங்கால செவக்க வெச்சு தோல உரிச்சிடும். சூடு ஆகாது, ரொம்ப நடக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தேன். நம்ம ஊர்ல சொன்னா ஆச்சா? பௌர்ணமி கிரிவலத்துக்கு வெறுங்கால்ல மலை சுத்தி முடிச்சிட்டு, மறுநாள் வார்டுக்கு வந்து பொடவையால கால மூடிட்டு உக்காந்திருந்தாங்க. விலக்கிப் பாத்தா ரெண்டு காலும் கொப்புளம்! எனக்கு வந்துச்சே கோவம், வார்டே திரும்பிப் பாத்துச்சு. புண்ணு ஆறுற வரைக்கும் மாத்திரை கிடையாது, அப்புறமும் அளவு கம்மிதான்னு டாக்டர் சொன்னதும் அக்கா பொலபொலன்னு அழுதுட்டாங்க: "மாத்திரை கேக்கணும்னு வேண்டித்தானே சிஸ்டர் சுத்துனேன், அதையே நிறுத்திட்டீங்களே!"

படம் வந்த நாள்

எல்லா ட்ரிப்பும் முடிஞ்சு ஸ்கேன் எடுத்தோம். பழைய படத்துல ஈரல் பூரா பளிச்சுனு கெடந்த புள்ளிங்க புதுசுல பாதிகூட இல்ல! "யப்பா!"னு நான் போட்ட கூச்சல்ல டாக்டரே எழுந்துட்டாரு. மாத்திரையா, ட்ரிப்பா, எது கேட்டுச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னாரு, ஆனா அவரு மூஞ்சியிலயும் சிரிப்பு. ஏழுமலை அண்ணன் மட்டும், "முழுசா போகலையா சார்?"னு இழுத்தாரு. அக்கா அவர் கையப் புடிச்சாங்க: "இருக்கட்டும்யா, இன்னைக்குக் காலைல கடைசி ஆளு சாப்டு எழுந்துக்கிற வரைக்கும் தோசைக்கல்ல விட்டு நகரல நான்."

இந்த வேலையில நோயாளிக்கு குணமாகுறதுக்குள்ள நர்ஸுக்கு பி.பி. ஏறிடும், ஆனா இப்படி ஒரு படம் வந்தா அதுவும் தானா எறங்கிடும்.