கோகிலா பார்த்த பிளீச்சிங் வாளி

கோகிலா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "குடுக்க மாட்டேன்" என்றாள்.

ஒன்பது வயது. ரத்தப் புற்றுநோய். எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். மாடம்பாக்கத்திலிருந்து வாராவாரம் வருவாள். ரத்த அணுக்களின் எண்ணிக்கையை, அதாவது கவுன்ட், பார்த்துத்தான் டாக்டர் புற்றுநோய் மருந்து ஊசி போடுவார். போன வாரமும் இதே அடம், ஒரு ஊசி தள்ளிப்போனது. இன்னொன்றும் தள்ளினால் இதுவரை கொடுத்த மருந்தெல்லாம் வீணாகிவிடும் என்று டாக்டர் பயந்தார்.

"புடிச்சி எடுத்துடுங்க மேடம்," என்றார் அவள் அம்மா. "கெஞ்சிக் கெஞ்சி பேஜாரா கீது. இனிமே இட்டுக்கினு வர்றதே இல்ல."

எனக்குப் பொறுமை குறைவு. ஆனாலும் பிடித்து அமுக்கி எடுத்தால் அடுத்த வாரம் அவள் பஸ்ஸே ஏறமாட்டாள்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"என் ரத்தத்த எடுத்துக்கினு போயி இன்னா பண்றீங்க?"

"வா, காட்டறேன்."

நோயாளிகள் லேபுக்குள் வரக்கூடாது என்பது விதி. அதை மறந்து பெருமையாகச் சுற்றிக் காட்டினேன். மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைத்து, செல்களை எப்படி எண்ணுவோம் என்று சொன்னேன். பிப்பெட் என்ற மெல்லிய கண்ணாடிக் குழாயில் வாய் வைத்து ரத்தம் உறிஞ்சுவோமே, அந்தக் காலத்து வழக்கம், அதை மட்டும் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியிருப்பாள்.

அப்போதுதான் மூலையில் எங்கள் சீஃப் பாஸ்கரன் சார், டெஸ்ட் முடிந்த பாட்டில்களைத் திறந்து பிளீச்சிங் பவுடர் வாளியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கோகிலா வாளியைப் பார்த்தாள். "இம்மாம் ரத்தத்தயும் கொட்றீங்களா? என்னுதையும் கொட்டுனீங்களா?"

"மிச்சம் இருந்தா கொட்டிடுவோம்மா," என்றார் சார்.

"எவ்ளோ வேணும் ஒங்களுக்கு?"

சார் என்னைப் பார்த்தார். கவுன்ட்டுக்கும் ஸ்லைடுக்கும் சில சொட்டுகள் போதும். கழுவிய பென்சிலின் பாட்டிலில் இரண்டு மில்லி கோடு வரை நிரப்புவது எங்கள் பழக்கம். டெஸ்டைத் திரும்பச் செய்ய நேர்ந்தால் மறுபடி குத்த வேண்டாமே என்று வைத்த பழக்கம்தான். ஆனால் ரத்தம் கொடுக்கிற குழந்தையை ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"கால்வாசி போதும்," என்றேன்.

"அப்ப கால்வாசி எடுத்துக்கோ." கை முன்னால் வந்தது.

ரத்தம் குறைந்தால் உறையாமல் தடுக்கும் மருந்தையும் குறைக்க வேண்டும். அவசரமாக ஒரு சின்ன பாட்டில் தயார் செய்து ரத்தம் எடுத்தேன். "உறைஞ்சிப்போச்சுன்னா அந்தப் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பே?" என்று சார் எச்சரித்தார். சொல்லி வாய் மூடவில்லை, உறைந்தே போனது. தப்பு என்னுடையது. கோகிலாவோடு பேசிக்கொண்டே பாட்டிலை ஒழுங்காக ஆட்ட மறந்துவிட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் போய், "ரத்தம் கட்டியாயிடுச்சு. நான் சரியா கலக்கல. இன்னொரு தடவை குத்தணும்," என்றேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். இவள் எழுந்து ஓடினால் இன்றைய ஊசியும் போய்விடும்.

கோகிலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கொட்டலையே?"

"இல்ல. அப்படியே இருக்கு, வந்து பாரு."

"வாணாம்." மற்றொரு கையை நீட்டினாள். "இந்த தபா பாட்டில நான் ஆட்டுவேன்."

ஆட்டினாள், நான் போதும் என்ற பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். கவுன்ட் நன்றாக இருந்தது. மத்தியானமே ஊசி ஏறியது. நான் ஸ்டோர் ரூமுக்குப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அப்பாடா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப்பின் குழந்தைகளுக்கென்று சின்ன பாட்டில்களைத் தனி ரேக்கில் வைத்தோம். ஊசிக்குப் பயந்த குழந்தைகளை நாங்களே உள்ளே கூட்டிப்போய்க் காட்டினோம், சார் விதியைப் பற்றிப் பேசவே இல்லை. கோகிலாவின் சிகிச்சை முடிய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை ஒரு வாரம்கூட அவள் தவறவில்லை.

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தப்பு நடந்தால் ரத்தம் கொடுத்தவரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலும் இன்னொரு கையை நீட்டுவார்கள்.