மணி அடித்த கணக்கு

கல்யாணமான மறுமாதம், என் கணவர் ஒரு கணக்கு மிஷினை மடியில் வைத்துக்கொண்டே பயணம் செய்து, செஞ்சி பஸ் நிலையத்தில் வந்து இறங்கினார். கைப்பிடியை முன்பக்கம் சுற்றினால் கூட்டும், பின்பக்கம் சுற்றினால் கழிக்கும். அவருக்கு மஞ்சள் காமாலை. ஓய்வெடுக்கச் சொல்லி மெட்ராஸ் கல்லூரி விடுதியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆராய்ச்சியை விட மனமில்லாமல், பேராசிரியரிடம் கெஞ்சி மிஷினையும் வாங்கி வந்துவிட்டார்.

சுவர் சூடாக்கப்பட்ட குழாய்க்குள் தண்ணீர் கொந்தளித்து ஓடும்போது அதில் சூடு எப்படிப் பரவுகிறது என்பதுதான் அவர் கணக்கு. குழாயை வெங்காயம் போல வளையம் வளையமாகப் பிரித்துக்கொள்வார். நடுவில் சுழிகள் சூட்டைக் கலக்கிவிடும். சுவரோரம் சுழி அடங்கிப்போய், சூடு தயங்கித்தான் நகரும். ஒவ்வொரு வளையமும் எவ்வளவு சூடேறியது என்று பார்த்துவிட்டு, குழாயில் கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி அதே வேலை. அவருக்குக் கைப்பிடி சுற்றத் தெம்பில்லை. அவர் படுத்தபடி எண்களைச் சொல்ல, நான் சுற்றினேன்.

"பைப்புல சுடுதண்ணி போறதுக்கு இன்னாடா இவ்ளோ கணக்கு?" என்பார் மாமனார். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்குப் பங்குச் சாமியாரிடம் சொல்லி வைத்திருந்தார். மகன் ஊரோடு இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை.

பூஜ்யத்துக்குக் கீழே போனால் மிஷினில் மணி அடிக்கும். ஒரு நாள் காலை அது அடித்தது. அடுத்த வளையத்தில் எண் எக்கச்சக்கமாக ஏறியது. அதற்கடுத்ததில் மறுபடி மணி.

"இன்னாங்க ஆச்சு?"

"சூடு பண்ற தண்ணி எப்படிக் குளுரும்? எல்லாம் வீண்."

சுவரோரம் வளையங்களை மெல்லிசாக்கியவர், குழாயில் தள்ளிப்போகும் தூரத்தைக் குறைக்காமல் விட்டிருந்தார். சின்ன பிழைகள் பெருகிக் கணக்கே கவிழ்ந்துவிட்டது.

"வாத்தியார் வேலைக்கே போயிடறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைதான். ஆனால் அந்த முதுகைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை.

"தூரத்தக் கொறச்சா வேல எவ்ளோ கூடும்?"

"நாலு மடங்கு."

"எழுந்து கஞ்சி குடிங்க. ஆரம்பிக்கலாம்."

கடலை அறுவடை முடியும்வரை சுற்றினேன். மணி அடிக்கவே இல்லை. சோதனைக்கூடத்தில் அளந்த புள்ளிகள் மேல் வரைபடத்தில் எங்கள் கோடு அழகாகப் போனது, தண்ணீர் நுழையும் குழாயின் வாய்ப்பக்கம் தவிர. அங்கே மட்டும் விலகி நின்றது.

பேராசிரியரைப் பார்த்துவிட்டு வந்தவர் மாமனாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்த வாய்ப்பக்கந்தான் பெரிய கேள்வியாம், நைனா. இன்னும் ரெண்டு வருஷம் ஆவும்."

மாமனார் என்னைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற?"

"ஆவட்டும் மாமா. ஆனா இந்தத் தடவ நானும் மெட்ராசுக்குப் போறேன்."

இன்று அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் கண் சிமிட்டுவதற்குள் போட்டுவிடுமாம். போடட்டும். அன்று மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மெட்ராஸ் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கக் கிளம்பினார்.