சட்டைப் பையில் ஒரு புளியங்கொட்டை

கலகல... கலகல... சரளைக்கல் ரோட்டில் சைக்கிள் ஏறி இறங்கும்போதெல்லாம் என் சட்டைப் பையிலிருந்து வரும் சத்தம் அது. உள்ளே கிடந்தவை கொட்டைகள்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தைந்து வயது. கீரனூரில் திருச்சி பஸ்ஸில் வரும் பேப்பர் கட்டைப் பிரித்து, அன்னவாசல், குடுமியான்மலை வரை சைக்கிளில் கொண்டுபோய்ப் போடுவேன். பேப்பர் போடுகிறவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது!

போகிற ஊரில் கேள்விப்பட்டதை மாலையில் சுப்பையா அண்ணனிடம் சொல்வேன். அவருக்கு ஜவுளிக்கடை, கூடவே நிருபர் வேலை. நான் சொல்லச் சொல்ல எழுதி, கவரில் போட்டு, திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். மறுநாள் அச்சில் வந்துவிடும்.

எழுதி வைக்கத் தெரியாதவனுக்கு ஞாபகம் நிற்க வேண்டுமே... அதற்குத்தான் கொட்டைகள். சாவு என்றால் புளியங்கொட்டை. அடிபட்டது என்றால் ஆமணக்கு. மற்றதற்கெல்லாம் வேப்பங்கொட்டை. "இன்னைக்கு எத்தனை கொட்டைப்பா?" என்றுதான் அண்ணன் ஆரம்பிப்பார்.

ஒருநாள் பை நிறையச் செய்தி. குடுமியான்மலையில் கருப்பையா என்ற விவசாயி கிணற்றில் தவறி விழுந்து, கால் ஒடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சொன்னார்கள். ஆமணக்கு தீர்ந்திருந்தது. கைக்கு வந்த புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டேன்.

நாலு ஊர் வெயில்... மாலையில் அந்தக் கொட்டையை எடுத்துப் பார்த்து, "கெணத்துல விழுந்து செத்துட்டாருண்ணே" என்றேன்.

மறுநாள் அன்னவாசல் டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படித்தார். "அடடா, கருப்பையா போயிட்டாரா? மக இந்த ஊருதானே, யாராச்சும் போய்ச் சொல்லுங்கப்பா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆமணக்கு இல்லாமல் போட்ட புளியங்கொட்டை அது! குடுமியான்மலைக்கு இன்னும் எட்டுப் பேப்பர். கண்மாயில் வீசிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் நாளைக்கும் அதே ஊருக்குத்தானே போகவேண்டும்?

போனேன். கருப்பையா காலில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஏப்பா, நான் எத்தனை மணிக்குச் செத்தேன்னு போட்டிருக்கா?"

அவர் மனைவி விளக்குமாற்றோடு வந்துவிட்டார். "சிரிக்காதீங்க! ஒங்க மக மாரடிச்சுக்கிட்டு வாரப்போறா!"

"வரட்டுமே. ரெண்டு வருசமா எட்டிப் பாக்காதவ, இப்பவாச்சும் வாராளே."

அடி விழவில்லை. ஒரு சொம்பு கூழ்தான் கிடைத்தது.

அண்ணனிடம் வந்து அழுதேன். இந்தத் தப்பால் அவருக்கு நிருபர் வேலையே போகக்கூடும். "பேசாம இருப்பா, நான் எழுதிக்கிறேன்" என்றார்.

இரண்டு நாளில் திருத்தம் வந்தது. அதையும் நான்தான் கொண்டுபோனேன். அண்ணன் அதில் என் பெயரைப் போட்டிருப்பாரோ என்ற பயத்தில், யாரும் படிக்குமுன் பேப்பரைக் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன். ஒரு பிரதியை டிரங்குப் பெட்டியில் போட்டேன். யாரையும் படிக்கச் சொன்னதில்லை. ஊரில் யாரும் என்னைத் திட்டவும் இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

எண்பது தாண்டி, போன வருடம்தான் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றேன். போன வாரம் அந்தத் தாளை எடுத்தேன். நாலு வரி... அரைமணி நேரம் ஆயிற்று.

"செய்தி கொண்டுவந்தவர் சரியாகவே சொன்னார். எழுதும்போது தவறியது என் கை. கருப்பையா நலமாக இருக்கிறார். குடும்பத்தார் மன்னிக்கவும்."

பொய்! சுத்தப் பொய்! நன்றி சொல்ல அண்ணன் இப்போது இல்லை. அதனால்தான், நண்பர்களே, உங்களிடம் சொல்கிறேன்.

இப்போது செய்தி நொடியில் போனுக்கு வந்துவிடுகிறது. நானே படிக்கிறேன்... எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! தப்பான செய்தியும் வரத்தான் செய்கிறது. ஆனால் அனுப்பியவர் யாரும் மறுநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டியதில்லை.

நான் நிற்கவேண்டியிருந்தது. அதனால்தான் அந்தக் கூழ் கிடைத்தது.