நிலவறையில் மூன்று மணி நேரம்

அறுபத்தெட்டோ, அறுபத்தொன்பதோ, சித்திரை மாதம். காரைக்குடியில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு இரண்டு கார்களில் மதுரை திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஓர் ஊரில், பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. வீட்டுக்காரர்கள் பினாங்கில். சாவி வைத்திருந்த அக்கா வாசலிலேயே சொன்னார்:

"செருப்பை வரிசையா இங்குட்டு விடுங்க. பூட்டுறப்ப அதைப் பாத்துத்தேன் ஆள் உள்ள இருக்கீகளான்னு தெரிஞ்சுக்குவேன்."

என் செருப்பு புத்தம் புதுசு. மதுரைக்காரிக்குப் புத்திசாலித்தனம் கொஞ்சம் அதிகம். யாரும் பார்க்காமல் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அரிக்கேன் விளக்கோடு அக்கா எங்களை நிலவறைக்குள் இறக்கினார். ஒரு தெருவையே மண்ணுக்குள் இறக்கி வைத்தாற்போல் அறைக்குப் பின் அறை. ஆள் உயர ஜாடிகள், அண்டா குண்டான்கள். மேலே அனல், கீழே சுவர் குளுகுளுவென்று, தொட்டால் வழுக்கியது. கடைசி அறையில், எங்கிருந்தோ கசிந்த பகல் வெளிச்சத்தில், நான் சுவரைத் தடவிக்கொண்டே நின்றுவிட்டேன். மற்றவர்கள் ஏறிப்போனதும், மேலே கதவு மூடியதும்கூட உறைக்கவில்லை. தூரத்தில் கார்கள் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் படியேறி ஓடினேன். முன் காரில் நான் இருப்பதாகப் பின் கார்க்காரர்களும், பின் காரில் இருப்பதாக முன் கார்க்காரர்களும் நினைத்திருப்பார்கள். வாசலில் என் செருப்பும் இல்லை!

கத்தினேன், கதவை இடித்தேன். அந்தத் தேக்குக் கதவு அசைந்து கொடுக்கவில்லை. இந்த வீட்டை அடுத்து எப்போது திறப்பார்களோ என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. அழுது ஓய்ந்தபின் பார்த்தால், சுவரில் கையகல ஓட்டை வழியே விழுந்த வெளிச்சத்தில் அந்த நிலவறை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. யார் தோண்டினார்களோ, எத்தனை பேர் மண் சுமந்தார்களோ! பயத்துக்கு நடுவிலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அந்த வெளிச்சமும் மங்கிய நேரத்தில் மேலே காலடிச் சத்தம். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கதவை இடித்தேன். திறந்த அக்கா விளக்கைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாத்தே! இம்புட்டு நேரமும் உள்ளயா இருந்தீக?"

தண்ணீர் கொடுத்து, பதறித் திரும்பி வந்த கார் தெருமுனையில் தெரியும்வரை என் கையை அவர் விடவில்லை. எதற்காகத் திரும்பி வந்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன்.

"அந்தி வெளக்கு ஏத்தத்தேன். வீடு இருட்டாக் கெடக்கக் கூடாதுல்ல?"

ஆள் இல்லாத வீட்டுக்குத் தினமும் விளக்கு எதற்கு என்று இன்று யாராவது கேட்டால், அன்று அந்த வீட்டில் ஆள் இருந்தது, அது நான்தான் என்று சொல்வேன்.