வெளுக்காத துணி

என் அம்மாவின் வயிற்றில் ஓட்டை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. எண்பதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு.

டைபாய்டு காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து மூன்று வாரம் வீட்டில் வைத்துக் கஷாயம் கொடுத்தார்கள். ஒரு நாள் காலையில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. ராஜபாளையத்தில் இரண்டு டாக்டர்கள் கையை விரித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் அப்போதே வயிற்றைத் திறந்தார். குடலில் ஓட்டை விழுந்திருந்ததாம். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார். இனி எல்லாம் அது வழியாகத்தான் வரும். மூன்று மாதம் போகட்டும், உள்ளே வைத்துத் தைத்துவிடலாம் என்றார்.

இதெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அப்போது எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. "அம்மாவுக்கு வயித்துல கட்டு, மேல விழுந்து விளையாடாதே" என்றார்கள், அவ்வளவுதான். ஒரு மத்தியானம் அம்மா கட்டு மாற்றும்போது கதவிடுக்கில் பார்த்துவிட்டேன். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவப்பாக, ஈரமாக, லேசாக அசைந்துகொண்டு இருந்தது. டாக்டர் அம்மாவுக்கு இன்னொரு வாய் வைத்திருக்கிறார் என்று நான் முடிவுகட்டினேன்.

"அதுக்கும் சோறு ஊட்டணுமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போடி அங்கிட்டு" என்று விரட்டினாள்.

ஆஸ்பத்திரியில் பசை ஒட்டிய பிளாஸ்டிக் பைகள் நாலைந்து கொடுத்திருந்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை. குனிந்து வாசல் கூட்டினால் பிய்த்துக்கொள்ளும். உட்கார்ந்து எழுந்தால் கசியும். கசிந்தது பட்ட இடமெல்லாம் தோல் வெந்த மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் பையை விட்டுவிட்டுத் துணிக்கு வந்தாள்.

துணிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. எங்கள் பக்கத்தில் தறி என்றால் பேண்டேஜ் துணிதான். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் அப்பா நாலு பவர்லூம் வைத்திருந்தார். ரோட்டில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு எவன் போனாலும், "நம்ம துணிதான் போறான் பாரு" என்பார். பேண்டேஜ் துணியை இழை தள்ளித் தள்ளிப் போட்டு நெய்வார்கள். தூக்கிப் பிடித்தால் எதிரே நிற்கிற ஆள் தெரியும். அம்மாவுக்கு அப்படி வேண்டாம் என்று அப்பா ஒரு தறியை மாற்றிப் பூட்டினார். இழையை நெருக்கிப் போட்டு, கெட்டியாக, அவளுக்கென்று தனியாக நெய்தார். தறியிலிருந்து வெட்டிக் கொண்டுவந்து அடுக்கிவைப்பார். யாரையும் தொடவிட மாட்டார்.

அப்படியும் தோல் ஆறவில்லை. நாளுக்கு நாள் மோசமானது. அம்மா விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். கோயில் பக்கமே போகவில்லை. தெருவில் ஆள் அரவம் இல்லாத உச்சி வெயிலில் துணிகளை அலசுவாள். யாராவது வீட்டுக்கு வந்தால் அடுப்படியிலிருந்தே பேசி அனுப்பிவிடுவாள்.

மூன்று மாதம் ஆனது. டாக்டரிடம் போனார்கள். எடை பார்த்தார். "இந்த உடம்புல மறுபடி கத்தி வைக்க முடியாது. தேத்திக் கொண்டு வாங்க" என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். அதற்கடுத்த மாதமும். அப்பா முட்டை வாங்கினார், மீன் வாங்கினார், ஈரல் வாங்கினார். அம்மா இளைத்துக்கொண்டே போனாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பா சாப்பிட்டுவிட்டுத் தறிக்குப் போவார். அம்மா தன் தட்டில் நிறையச் சோறு வைத்துக்கொண்டு உட்காருவாள். கொட்டகையில் தறிச் சத்தம் கிளம்பும். அதற்குப் பிறகு கூப்பிடுவாள்.

"ஏட்டி, இங்க வா. இதத் தின்னு. அப்பாட்டச் சொல்லக் கூடாது, என்ன?"

உள்ளே போகவில்லை என்றால் வெளியே வராது. அம்மாவின் கணக்கு அது. எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அம்மாவுக்குப் பசிக்காது, எனக்குப் பசிக்கும், அவ்வளவுதான் தெரியும். என் சோற்றையும் தின்றேன், அவள் சோற்றையும் தின்றேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் குந்தாணி என்று பேர் வைத்தார்கள். மொத்தம் எட்டு மாதம்.

அப்போதுதான் மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் இருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவைப் பார்த்துவிட்டு டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்கவே மறந்து நின்றார். சாயங்காலம் அப்பாவோடு பிடித்துக்கொண்டார்.

"என்ன அத்தான், அக்கா வயித்துல துணி மூட்டையக் கட்டி வச்சிருக்கீக? எங்க மிலிட்டரி ஆஸ்பத்திரில ஒரு ஹவில்தாருக்கு இதேதான். பையை மாட்டிக்கிட்டு வாலிபால் ஆடுறான். மதுரைக்குக் கூட்டிட்டுப் போவோம். இதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க."

"மாப்ளே, அவ போயிட்டான்னு நாங்க கோடித்துணி எடுக்க ஆள் அனுப்பப் பாத்தோம். அந்த நேரத்துல உசுரு குடுத்த மனுசன். அவர விட்டுட்டு இன்னொருத்தர்ட்டப் போனா, நீரு வெட்டுனது சரியில்லன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆகாதா?"

"அவரு மூஞ்சியப் பாக்குறீகளே, எங்கக்கா வயித்தப் பாத்தீகளா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் பார்த்ததில்லை. அம்மா காட்டியதில்லை. டாக்டருக்காவது காட்டினாயா என்று மாமா கேட்டார். "அவிய ஆம்பளை டாக்டருல்லா. மேலோட்டமாக் கேப்பாவ, மேலோட்டமாச் சொல்லுவேன்" என்றாள் அம்மா. எட்டு மாதமாக அந்த டாக்டரும் பார்க்கவில்லை. இப்போது எழுதும்போதும் யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. காட்டாதவள் மேலா, காட்டு என்று சொல்லாதவர் மேலா, நன்றிக்கடன் என்று கண்ணை மூடிக்கொண்டவர் மேலா? மாற்றி மாற்றி எல்லார் மேலும் கோபப்பட்டுவிட்டேன். தீரவில்லை.

மாமாவுக்கு லீவு இன்னும் பன்னிரண்டு நாள்தான். தினமும் அப்பாவைப் பிடுங்கினார். அப்பா கடைசியில் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. அந்த மதுரை டாக்டர் நம்ம டாக்டரைக் குறை சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிட வேண்டும்.

அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வாடை கிளம்பிவிட்டது. முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அம்மா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு சுருங்கினாள். மாமா எழுந்து அவர் முகத்துக்கு நேராகத் தன் பூட்ஸ் காலைத் தூக்கிக் காட்டினார்.

"நம்ம சாக்ஸுதாண்ணே. காஷ்மீர்ல மாட்டுனது, இன்னும் கழத்தல. கழத்தவா?"

"வேண்டாஞ்சாமி, வேண்டாம்" என்று அவர் எழுந்து பின்னால் போய்விட்டார். மாமா சாக்ஸ் அவ்வளவு நாறும் என்று நான் பல வருஷம் நம்பினேன்.

மதுரையில் பார்த்தது ஒரு டாக்டரம்மா. கட்டையாக, நரைத்த தலையோடு இருந்தார். துணியைப் பிரிக்கும்போது அவர் மூக்கைச் சுளிக்கவில்லை. எல்லோரும் சுளிப்பதைப் பார்த்துப் பழகியிருந்ததால் எனக்கு அது விநோதமாகத் தெரிந்தது. அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார். உட்காரச் சொன்னார். சேலையை எப்போதும் கட்டுகிற மாதிரி கட்டிக் காட்டச் சொன்னார்.

"பாவாடை நாடா வர்ற இடத்துலயே இது இருக்கே. அப்புறம் பை எப்படி ஒட்டும்? ஆபரேஷனுக்கு முன்னால நிக்க வச்சு இடம் பாக்கலையா?"

"அப்ப இவளுக்கு நெனவே இல்லைங்க" என்றார் அப்பா, எழுந்து போகத் தயாராக.

"அதுவும் சரிதான். உயிர் போற நேரத்துல நாடாவை யார் பாக்குறது. காப்பாத்திட்டாரே."

அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். டாக்டரம்மா பிரித்துப் போட்ட துணியைக் காட்டினார்.

"இது எங்க வாங்குனது?"

"வாங்கலைங்க. நான் நெய்தது. இவளுக்குன்னு நெருக்கிப் போட்டது." ரோட்டில் போகிறவன் கட்டைக் காட்டி நம்ம துணி என்னும்போது வருகிற அதே குரல்.

டாக்டரம்மா நாங்கள் கொண்டுபோன பையிலிருந்து புதுத்துணி ஒன்றை எடுத்து மேஜைமேல் விரித்தார். டம்ளரிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அதன்மேல் விட்டார். தண்ணீர் முத்து முத்தாக நின்றது. துணியைத் தூக்கினார். அப்படியே உருண்டு தரையில் விழுந்தது.

"நெய்யுறதுக்கு முன்னால நீங்க பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி, எண்ணெய் எல்லாம் இதுலயே இருக்கு. இத வெளுத்தாதான் தண்ணி குடிக்கும். அவங்களுக்குச் சிறுகுடல்ல இருந்து வருது, தோலை அரிச்சிடும். இந்தத் துணி அத உறிஞ்சல. தோல் மேலயே நிறுத்தி வச்சிருக்கு."

"வெளுக்குறது வேற ஆளுகம்மா" என்றார் அப்பா. "நாங்க நெய்து அனுப்புறதோட சரி."

பிறகு அவராகவே டம்ளரை எடுத்து இன்னொரு துணியில் தண்ணீர் விட்டுப் பார்த்தார். அதுவும் உருண்டது. மூன்றாவது துணியை மாமா அவர் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தார்.

டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார். என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டார்.

"மூணு வேளையும் நல்லாச் சாப்புடுறேன். முட்டை, மீனு எல்லாம்" என்றாள் அம்மா.

"எம்புட்டு வாங்கிப் போட்டாலும் ஒடம்புல ஒட்ட மாட்டேங்குதுங்க" என்றார் அப்பா.

டாக்டரம்மா அதை எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை. தப்பான விடை எழுதினால் எங்கள் டீச்சர் முட்டியில் அடிப்பார்.

"அதெல்லாம் நான்தான் தின்னேன்" என்றேன்.

பேனா நின்றது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை. அப்பா தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவே சேருங்க" என்றார் டாக்டரம்மா. "இப்படியே போனா இன்னும் ரெண்டு மாசம் தாங்க மாட்டாங்க. முதல்ல தோல் ஆறணும், உடம்பு தேறணும். குளுக்கோஸ் ஏத்தணும், என் கண்ணு முன்னால சாப்பிடணும். அப்புறம் நானே மூடிக் குடுக்குறேன்."

நான் காட்டிக்கொடுத்ததால் அம்மாவைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் புரிந்தது. அப்பா அவளோடு தங்கிவிட்டார். மாமா என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் பட்டாளத்துக்குப் போனார். போகும்போது, "ஏட்டி, நீதான் அம்மாவக் காப்பாத்துனே" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

பெரியம்மா வீட்டில் எனக்கு ஒரே யோசனை. நான் தின்றேன், அம்மா இளைத்தாள். இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. டாக்டரம்மாவே என்னையும் அம்மாவையும் பார்த்துத்தானே கண்டுபிடித்தார். அப்படியென்றால் நான் தின்னாமல் இருந்தால் அம்மா தேறுவாள். நாலாம் வகுப்பில் படித்த கழித்தல் கணக்கு இதற்குப் போதும்.

நான் தின்பதை நிறுத்தினேன். ஒரேயடியாக நிறுத்தினால் பெரியம்மா விடமாட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் கோழிக்குப் போடுவேன். இட்லியைப் பாவாடையில் முடிந்துகொண்டு போய்த் தெரு நாய்க்குப் போடுவேன். மயக்கம் வருகிற அளவுக்கு வந்தால் இரண்டு வாய் தின்பேன். பெரியப்பா பால்கோவா கிண்டுகிற இடத்தில் வேலை பார்த்தார். சாயங்காலம் சூடாக ஒரு உருண்டை இலையில் மடித்துக் கொண்டுவருவார். அதைத் தின்னாமல் இருந்ததுதான் கஷ்டம். அழுதுகொண்டே வேண்டாம் என்பேன்.

"சனியனே, இத வேண்டாங்குற பிள்ளைய இந்த ஊருல பாத்திருக்கியா?" என்று பெரியம்மா மண்டையில் குட்டுவாள். "ஆத்தாளுக்கு ஏங்கிப் போயிட்டா" என்று பக்கத்து வீட்டில் சொல்லுவாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மதுரையிலிருந்து சேதி வரும். அம்மாவுக்குத் தோல் ஆறிவிட்டது. அம்மா எடை போட்டிருக்கிறாள். ஆபரேஷன் முடிந்தது, குடலை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள். ஒவ்வொரு சேதிக்கும் நான் இன்னும் ஒரு வாய் குறைத்துக்கொண்டேன். கணக்குச் சரியாக வந்துகொண்டிருந்தது.

ஏழு வாரம் கழித்து அம்மா பெரியம்மா வீட்டு வாசலில் டாக்சியில் வந்து இறங்கினாள். கன்னம் உப்பியிருந்தது. இடுப்பில் துணி மூட்டை இல்லை. அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். மதுரை டாக்டரம்மாவுக்குக் கைராசி என்றார்கள். அப்பா, "தெய்வம்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஏழு வாரம் பட்டினி கிடந்தவள் ஒருத்தி ஓரமாக நிற்கிறாள், ஒருவர்கூட அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மாதான் என்னைப் பார்த்தாள். கிட்டே இழுத்தாள். என் மணிக்கட்டை இரண்டு விரலால் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள்.

"பாதியாப் போயிட்டியேட்டி. பெரியம்மா சோறு போடலையா?"

"போட்டா. நான்தான் திங்கல. நான் தின்னா நீ எளைச்சிருவேல்ல. அதான்."

அதைச் சொல்லிவிட்டு, கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பாள் என்று முகத்தைத் தூக்கிக் காட்டினேன். அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். காய்ச்சலில் விழுந்த நாளிலிருந்து அவள் என்னை அடித்ததே இல்லை. கையில் அவ்வளவு பலம் வந்துவிட்டிருந்தது. அடித்துவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து கதறினாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பெற்ற தாயைப் பிழைக்க வைத்ததற்காக அறை வாங்கியவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, கன்னத்தைத் தடவியபடி நின்றேன்.