கோயில் வாசலில் ஓர் அடிபம்பு

விழுப்புரத்தில் அந்தக் கருத்தரங்கு நடந்த கல்யாண மண்டபத்தில், மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணிப் படுதாவில் என் அண்ணி சிரித்துக்கொண்டு நின்றாள். ஒரு கை அடிபம்பின் கைப்பிடியில், காலடியில் நிரம்பி வழியும் குடம். போட்டோவைப் பார்த்து வரைந்த போர்டு ஆர்ட்டிஸ்ட் அவளைச் சிவப்பாக்கி, தலையில் மல்லிகைச் சரமும் வைத்துவிட்டிருந்தார். அண்ணி நல்ல கறுப்பு. கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கப் போகிறவள் மல்லிகை வைத்துக்கொண்டா போவாள்? படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘உலக வளர்ச்சியும் நீதியும்: நிறுவனங்களின் பொறுப்பு’ என்று எழுதியிருந்தது. அண்ணி அந்தப் படுதாவில் போய் நின்ற கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஊழியராக இருந்தேன். ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு மாடி அறை. சுவர் முழுக்க சார்ட், மூலையில் பறைகள், ஆளுக்கொரு ஜோல்னாப் பை. பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. எங்கள் காலனியில் பிளஸ் டூ முடித்த பெண் என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். யாராவது பெரிய விருந்தாளி வந்தால் என்னை முன்னால் உட்கார வைப்பார்கள். ‘இவர் அந்த மக்களிடமிருந்தே வந்தவர்’ என்று அறிமுகம் வேறு. கடையில் சாமானை எடுத்துக் காட்டுகிற மாதிரி இருக்கும்.

செயலாளர் நல்ல மனிதர். எங்கள் வீட்டுக்கு வந்தால் தரையில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடிப்பார். பொய் பேச மாட்டார், ஒரு பைசா எடுக்க மாட்டார். பெங்களூரில் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து அவர் வாயில் ‘மக்கள் பங்கேற்பு’ என்ற சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாம் மக்களுக்காக எதையும் முடிவு செய்யக் கூடாது, மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

திண்டிவனத்திலிருந்து மேற்கே பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். ஊர்த்தெரு மேட்டில், காலனி ஓடைக்கரைப் பள்ளத்தில். காலனியை எந்த ஊரில்தான் மேட்டில் வைத்தார்கள்? ஓடைக்கு மேற்புறம் ஒரு தோல் கம்பெனி வந்தது. ஆட்டுத்தோல் அங்கே பதமாகிக் கப்பலேறி வெளிநாடு போகும். தோல் கழுவின தண்ணீர் மட்டும் எங்கும் போகாமல் எங்கள் ஓடையில் இறங்கும். கொஞ்ச நாளில் காலனிக் கிணற்றுத் தண்ணீர் நாறியது. பிறகு நிறம் மாறியது. அதில் உலை வைத்தால் சோற்றை வாயில் வைக்க முடியாது.

அண்ணனின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் புண் வந்தது அப்போதுதான். தொடை இடுக்கு, கழுத்து, காது மடல் என்று ஒரு இடம் பாக்கியில்லை. பிள்ளை நாள் முழுக்கச் சொறிந்துகொண்டு அழும், ராத்திரியும் தூங்காது. அண்ணியும் நானும் அதைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

“நல்ல தண்ணியில குளிப்பாட்டும்மா. மருந்து மட்டும் தடவிக்கினு இருந்தா ஆறாது” என்றார் நர்ஸ்.

“நல்ல தண்ணி எங்கங்க இருக்குது?” என்று அண்ணி கேட்டாள்.

நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் மட்டும் என்ன சொல்வார், பாவம்.

நல்ல தண்ணீர் ஊர்க்கிணற்றில் இருந்தது. ஆனால் நாங்கள் அதில் கயிறு போடக் கூடாது. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஊர்ப் பெண்கள் தங்கள் குடத்தையெல்லாம் நிரப்பிக்கொண்ட பிறகு, யாருக்காவது மனம் வந்தால் தூக்கி ஊற்றுவார்கள். குடிக்க என்றால் ஊற்றுவார்கள். பிள்ளையைக் குளிப்பாட்ட என்று அண்ணி ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். “குளிக்க வேறயா உங்களுக்கு? கொழுப்புதான்” என்று ஒருத்தி கேட்டாள். அன்றைக்குக் குடிக்கவும் தண்ணீர் கிடைக்கவில்லை.

எங்கள் நிறுவனம் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தது. அதை மறுக்க மாட்டேன். அப்போது ஜில்லாத் தலைநகராக இருந்த கடலூருக்குப் போய்க் கலெக்டரிடம் மனு கொடுத்தோம். கம்பெனி கேட்டுக்கு எதிரே பறையடித்துப் பாட்டுப் பாடி உட்கார்ந்தோம். பேப்பரில் மூலையில் இரண்டு வரி வந்தது. கடைசியில் கம்பெனி மேனேஜர் இறங்கி வந்தார். ஓடையில் விடுவதை நிறுத்துகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. “ஒரு போர் போட்டு அடிபம்பு வச்சுத் தர்றோம், இத்தோட முடிச்சிக்கலாம்” என்றார். விஷத்தை ஊற்றுகிறவனே தண்ணீரும் தருகிறானாம்! ஆனாலும் என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பிள்ளையின் உடம்புதான் நின்றது. பம்பாவது வரட்டும் என்று நினைத்தேன்.

போர் லாரியோடு கம்பெனி என்ஜினீயர் வந்து இறங்கினார். அவருக்கு எங்கள் ஊர் சமாச்சாரம் எதுவும் தெரியாது. வடக்கத்திப் பக்கத்து ஆள், தமிழும் தடுக்கும். அங்கே இங்கே பார்த்துவிட்டு, காலனிக்குள் நுழைகிற மண் ரோட்டோரம் இருந்த மேட்டைக் காட்டினார். இங்கே ஓடைத் தண்ணீர் ஏறாது, லாரியும் சுலபமாக நிற்கும், கேட்ட ஜனங்களும் இங்கேதான் இருக்கிறார்கள் என்றார். அண்ணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். காலனியே வந்து நின்றது. ஆட்கள் லாரிக்கு முட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் செயலாளர் போய்க் கையை நீட்டித் தடுத்தார். “கொஞ்சம் இருங்க. எங்க போடணும்னு மக்கள்தான் தீர்மானிக்கணும். கிராமக் கூட்டம் கூட்டாம போட்டா, இது உங்க தானமா போயிடும். அவங்க உரிமையா இருக்காது.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “சார், மக்கள் இதோ நிக்கிறாங்களே சார்! போட உடுங்க சார்” என்றேன்.

“காலனி மட்டும் கிராமம் இல்லைம்மா. பிரிச்சுப் பார்த்தா அது பங்கேற்பு ஆகாது” என்றார்.

என்ஜினீயர் தோளைக் குலுக்கிவிட்டு லாரியைத் திருப்பச் சொன்னார். அந்த லாரி திரும்பிப் போனதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கூட்டம் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் நடந்தது. ஊர்க் கூட்டம் என்றால் அங்கேதான் நடக்கும். ஊர்க்காரர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்கள் தெரு முனையில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். செயலாளர் அவர்களை உள்ளே வந்து உட்காரும்படி கெஞ்சிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. “அவங்க அங்கயே நிப்பாங்க சார். அதான் இங்க வழக்கம். காது நல்லாத்தான் கேக்கும்” என்றார் ஊர்ப் பெரிய தனக்காரர். என் அண்ணன் அவர் நிலத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தான்.

பெரிய தனக்காரர் சுற்றி வளைக்கவில்லை. “ஊருக்குன்னு ஒண்ணு வருதுன்னா ஊருக்கு நடுவுலதான் இருக்கணும். கோயில் வாசல்ல போடுங்க. திருவிழாவுக்கும் ஆவும்” என்றார். ஜமக்காளத்தில் இருந்த கைகள் எல்லாம் மேலே போயின. ஊர்க்கிணற்றில் அவர்களுக்குத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. பம்பு அவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

செயலாளர் தெரு முனையைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க. உங்க கருத்து என்ன? பயப்படாம சொல்லுங்க” என்றார். பயப்படாமலாம்! மறுநாள் காலையில் அவர் திண்டிவனத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார். இவர்கள் அதே பெரிய தனக்காரர் வரப்பில் நிற்க வேண்டும். எல்லாரும் என் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “பெரியவங்க பாத்து சொன்னா சரிங்க” என்றான்.

எங்கள் ஆட்களோடு நின்றிருந்த நான் முன்னால் வந்தேன். “சார், இது காலனிக்காகக் கேட்ட பைப்பு. கோயில் வாசல்ல வச்சா எங்களைத் தொட உடமாட்டாங்க சார்!” என்று கத்தினேன். ஜமக்காளத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, “நீ ஊழியர்ம்மா. மக்களோட முடிவுல நீ தலையிடக் கூடாது” என்றார். நான் மக்கள் இல்லையா? விருந்தாளி வந்தால் மட்டும் மக்கள், கூட்டத்தில் ஊழியர். அவர் தன் குறிப்பில் ‘ஒருமனதாக’ என்று எழுதினார். வீட்டுக்கு வந்தால் அண்ணன் வேறு, “நாளைக்கு நான் வேலைக்குப் போவ வேணாமா? உனக்கென்ன, பையை மாட்டிக்கினு பஸ் ஏறிடுவ” என்று திட்டினான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கோயில் வாசலில் அடிபம்பு வந்தது. தண்ணீர் தேன் மாதிரி இருந்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள். கிணற்றடியில் நின்ற எங்கள் பெண்கள் இப்போது பம்படியில் நின்றார்கள். அங்கேயும் அதே கதைதான். குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், யாராவது அடித்து ஊற்றினால் உண்டு.

பிறகு வெளிநாட்டிலிருந்து பணம் தருகிறவர்கள் பார்க்க வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா, ஒரு ஐயா. புதுச்சேரியில் தங்கி அம்பாசிடர் காரில் வந்தார்கள். கம்பெனி மேனேஜரும் வந்து சேர்ந்துகொண்டார். காலனிப் பெண் ஒருத்தி பம்படித்துத் தண்ணீர் பிடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மா ஆசைப்பட்டார். செயலாளர் பெரிய தனக்காரரிடம் போய்ப் பேசினார். “உங்களுக்காக இன்னிக்கு ஒரு நாளு மட்டும்” என்றார் அவர். செயலாளர் முகம் வெளுத்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். ஆனால் கார் வந்து நிற்கிறதே, என்ன செய்வார்?

அண்ணியைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு பம்பை அடித்தாள். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. குடம் நிறைந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காமிரா அந்தச் சிரிப்பைத்தான் பிடித்தது. நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷைக் கூட்டி அந்த அம்மாவிடம் போய், இந்தப் பம்பை நாங்கள் தொடக் கூடாது, இன்றைக்கு ஒரு நாள்தான் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தமாகத் தலையாட்டி, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அதற்குள் மேனேஜர் செயலாளரிடம், “ஜல்தியா வாங்க, டீ ஆறுது” என்றார். அந்த வெள்ளைக்காரர்கள் போட்டிருந்த ஷூ பளபளவென்று இருந்தது. அது எந்த ஊர்த் தோல் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கார் கிளம்பின தூசி அடங்குவதற்குள், பெரிய தனக்காரர் வீட்டம்மா புளியும் சாம்பலுமாக வந்து கைப்பிடியைத் தேய்த்துக் கழுவினார். அண்ணி தெரு முனையில் குடத்தோடு நின்று அதைப் பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் பள்ளத்தில் இறங்கிப் போனாள்.

அந்தச் சிரிப்புதான் விழுப்புரத்தில் படுதாவில் தொங்கியது. கருத்தரங்கில் வந்தவர்களெல்லாம் பெரிய படிப்பாளிகள். பன்னாட்டு மூலதனம், தெற்கின் குரல் என்று பேசினார்கள். பேசியதில் பாதி நியாயமான பேச்சுதான். மத்தியானச் சாப்பாடு தோல் கம்பெனி உபயம், வடை பாயசத்தோடு. தண்ணீர் தந்த நிறுவனம் என்று மேனேஜருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஓடையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. செயலாளர் மைக்கைப் பிடித்து, அந்தக் கிராமத்தில் நம் வேலை வெற்றிகரமாக முடிந்தது, அடுத்து வேறு கிராமத்துக்குப் போகிறோம் என்றார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் இலையில் கை வைக்காமல் எழுந்து வந்து பஸ் ஏறினேன்.

காலனிக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். அண்ணி வாசலில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். அது காது மடலைச் சொறிந்துகொண்டிருந்தது, விரல் நுனியில் ரத்தம். நான் வந்த வேகத்தில் கொட்டித் தீர்த்தேன். படுதா, பொன்னாடை, பாயசம் ஒன்றையும் விடவில்லை. “உன்ன வச்சு வயிறு வளக்கறானுங்க அண்ணி! உன் மூஞ்சிய வித்துட்டானுங்க!” என்று கத்தினேன்.

“நல்லா வரஞ்சிருந்தானா?” என்று கேட்டாள்.

“செவப்பா வரஞ்சு, பூ வேற வச்சு உட்டிருக்கான்.”

அண்ணி சிரித்தாள். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துச் சொறியவிடாமல் வைத்துக்கொண்டு சொன்னாள். “படம் புடிச்ச அன்னிக்குக் கொணாந்த தண்ணியில ஒரு வாய் கூட நாங்க குடிக்கல பாப்பா. அவ்ளோ தண்ணியும் புள்ளைக்கு ஊத்திட்டேன். அன்னிக்கு ராத்திரி சொறியாம தூங்கிச்சு. புண்ணு வந்ததுலேர்ந்து அந்த ஒரு ராத்திரிதான்.”

நான் பையைக் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளையின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்த வெள்ளக்காரங்க மறுபடி எப்ப வர்றாங்க?” என்று கேட்டாள். “முன்னாடியே சொல்லி உடு. இந்த தபா ரெண்டு குடம் எடுத்துக்கினு வர்றேன்.”