அக்காவின் பச்சைக் கைலி

எங்கள் அக்கா ஜெஞ்சாரோமில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தார். கணக்கில் கெட்டி. கிள்ளானில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். திருமணமாகி கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்கு வந்தார். மகன் கவினுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னதும் வேலையை விட்டுவிட்டார்.

அதன்பின் அவர் வாழ்க்கை கவினின் பல் துலக்கலிலும் குளியலிலும் சோற்றிலுமே அடங்கியது. பதினோரு வயதாகியும் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட வராது. மிக்சி ஓடினால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். அத்தான் லோரி ஓட்டி வெளியூர் போய்விடுவார். கல்யாணங்களுக்கு வந்தாலும் பந்திக்கு முன்பே அக்கா கிளம்பிவிடுவார். "பொறுமைசாலி" என்று உறவில் எல்லாரும் புகழ்ந்தீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுமை என்ன பொறுமை? மாற்றிவிட ஆள் இல்லை. நெஞ்சுவலி வந்தபோதுகூட, "கேஸ்தான் லா, சரியாயிடும். நான் ஆஸ்பத்திரில படுத்தா இவன யாரு பாக்குறது?" என்று தள்ளிப்போட்டார். அந்த வலியே அவரைக் கொண்டுபோய்விட்டது.

சவப்பெட்டியை மூடுமுன், அக்கா வீட்டில் உடுத்தும் பூப்போட்ட பச்சை பாத்தேக் கைலியை எங்கள் அத்தை மடித்து அவர் காலடியில் வைத்தார். "ஆசையா கட்டுவா, அவளோடயே போகட்டும்" என்றார். பிடித்ததை உடன் வைத்து அனுப்புவது நம் வழக்கம்தானே.

மறுநாள் கவினைக் குளிப்பாட்டினேன். வெளியே வர மறுத்தான். துண்டை நீட்டினேன், தள்ளிவிட்டான். உடம்பெல்லாம் நடுங்கியும் கதவையே பார்த்து நின்றான். அத்தான்தான் சொன்னார்: "உங்கக்கா அந்தக் கைலிய விரிச்சுப் புடிப்பா. அதப் பாத்தாதான் குளிச்சு முடிஞ்சதுன்னு அவனுக்குத் தெரியும்." கைலி அதற்குள் அக்காவோடு எரிந்து சாம்பலாகியிருந்தது.

பாசார் கடையில் அதே பூப்போட்ட கைலி வாங்கிவந்தோம். முகர்ந்து பார்த்துக் கீழே போட்டுவிட்டான். இந்த ஓராண்டாக நானும் அத்தானும் அவனைத் தூக்கித்தான் வெளியே கொண்டுவருகிறோம். அவனோ வளர்ந்துகொண்டே இருக்கிறான். அத்தான் வெளியூர் போனால் என்னால் தனியாகத் தூக்க முடிவதில்லை.

அத்தை இன்னும் அழுகிறார். அழாதீர்கள் அத்தை, அன்று அத்தானுக்குக்கூட அது தோன்றவில்லை.

இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும், அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. இனி வருகிறவர்கள் பழத்தட்டு கொண்டுவர வேண்டாம். கவின் குளிக்கும் நேரத்துக்கு வாருங்கள். அவன் இன்னும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.